பட்டாசு மாமாவின் கண்ணாடி அறை

போன வாரம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு எழுதுபொருள் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூட வேலைக்கு மணிலா அட்டை வேண்டுமாம். கடைப்பெண் எதையோ எடுக்கக் கை நீட்டியபோது மேல்தட்டில் இருந்த கறுப்பு மைப் புட்டி ஒன்று விழுந்து உடைந்தது. படம் வரைகிறவர்கள் தூரிகையால் தொட்டு இழுக்கிற கெட்டி மை. கற்பூரத்தையும் மெழுகையும் சேர்த்துச் சூடாக்கியது போல ஒரு வாசனை கடை முழுக்கப் பரவியது.

"அலமாக்! சோரி சோரி ஆன்ட்டி, மிதிச்சிடாதீங்க" என்று அந்தப் பெண் துணி தேடி ஓடினாள். நான் அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, தூணைப் பிடித்தபடி மூச்சு சரியாகும்வரை நின்றேன். அந்த நேரத்தில் நீங்கள் என்னைப் பார்த்திருந்தால், இந்த அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பயந்து சீனித் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மை வாசனைக்குப் பின்னாலேயே இன்னொரு வாசனை வரும் என்று என் உடம்பு காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கிராம்பு வாசனை.

இப்போதும் என் வீட்டுப் பிரியாணியில் கிராம்பு கிடையாது. சாப்பிட வருகிறவர்கள் ஏதோ குறைகிறதே என்பார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

தம்போயில் ஒரு கடைவீட்டின் மாடியில்தான் நான் முதன்முதலில் வேலைக்குப் போனேன். கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. படியேறும்போது பாதி வழிவரை எஞ்சின் எண்ணெய் நாற்றம், அதற்கு மேல் மை வாசனை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக மாதம் ஒருமுறை வரும் படக்கதை இதழ் அங்கிருந்து வெளிவந்தது. வீடுகளுக்கு இணையம் வராத காலம். புது இதழ் வந்த நாளில் வகுப்பில் ஒன்றும் நடத்த முடியாது, எல்லாப் பிள்ளைகளும் மேசைக்கு அடியில் மல்லியைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று டீச்சர்மார் தொலைபேசியில் செல்லமாகக் கோபித்துக்கொள்வார்கள்.

மல்லி எங்கள் கதாநாயகி. அன்னாசித் தோட்டத்து ஓரமாக ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், வசிக்கும் பெண். சைக்கிளில் சுற்றிக் கள்ளக் கடத்தல்காரர்களைப் பிடிப்பாள். அவள் பேசுவதெல்லாம் என் கையெழுத்து. படக்கதையில் ஆட்களின் தலைக்கு மேலே முட்டை போலக் கூடு வரைந்து அதற்குள் வசனம் எழுதியிருப்பார்களே, அந்தக் கூட்டுக்குள் எழுதுவதுதான் என் வேலை. கையால் எழுதினால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது இதழாசிரியரின் கொள்கை. என் எழுத்து குண்டு குண்டாக, நன்றாகத்தான் இருக்கும். இந்த லகர ளகர விவகாரத்தில் மட்டும் எனக்கும் தமிழுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல். ஒரு தாய் தன் மகளிடம் "என்னைக் கட்டிக்கொள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கட்டிக்கொல்" என்று எழுதிவிட்டேன். அப்படியே அச்சாகி மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சிரித்தார். "பயந்துட்டியா? நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்லா" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்று மாலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

பிள்ளைகளுக்கு அவர் பட்டாசு மாமா. இதழின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரில்தான் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். உண்மையிலேயே சிரிப்பு வரும் பதில்கள். பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்வார்கள். அலுவலகத்தில் எங்களுக்கு அவர் வெறும் சார். ஐம்பதை நெருங்கிய வயது. இஸ்திரி கலையாத சட்டை. எந்நேரமும் ஒரு கிராம்பைக் கடைவாயில் அதக்கியிருப்பார். உள்ளே வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடப்பார். தரை அழுக்காகக் கூடாது என்பார். அதனால் அவர் வருவது யாருக்கும் கேட்காது. குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிராம்பு வாசனை வரும். வந்தால், அவர் நம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பது தெரியாது.

அங்கே குளிர்சாதனம் அவர் அறையில் மட்டும்தான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. நான் சேர்ந்த புதிதில் அதில் ஒரே ஒரு அட்டைப்படம் ஒட்டியிருந்தது, மல்லி சைக்கிளில் பறக்கிற படம். பிறகு ஒவ்வொரு இதழ் வரும்போதும் அந்த மாதத்து அட்டையைப் பெரிதாக்கி அவரே ஒட்டினார். முதலில் அவர் மேசை மறைந்தது. பிறகு நாற்காலி. மழைக்காலம் வந்தபோது வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டுமே தெரிந்தது. அலுவலகம் அழகாகிவிட்டது என்று நினைத்தேன். அறிவு அவ்வளவுதான்.

மல்லியை வரைந்தவள் சுகந்தி. என் வயதுதான், இருபதைத் தாண்டிக் கொஞ்சம். பெக்கான் நானாஸில் வீடு. அப்பா அன்னாசி லோரி ஓட்டுகிறவர். அவள் வரைந்த தோட்டத்தில் ஒவ்வொரு பழத்திலும் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரியும். நான் ஒரு கூட்டுக்குள் வசனம் எழுதி முடிப்பதற்குள் அவள் ஒரு மழையையே வரைந்து முடித்துவிடுவாள். பேச்சு குறைவு. நான்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவேன். நான் எதையாவது உளறினால் "போ லா நீ" என்று சொல்லி, பென்சிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவளைச் சார் அடிக்கடி அறைக்குள் கூப்பிடுவார். கோடு சரிபார்க்க. முதலில் அவள் மேசையிலேயேதான் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, பென்சில் பிடித்திருக்கும் அவள் கை மேல் தன் கையை வைத்து இழுப்பார். "இப்படி, இப்படி. கைய லூசா வுடு." அவள் கை லூசாகவே ஆகாது. அப்புறம்தான் வெளிச்சம் பத்தவில்லை என்று அறைக்குள் கூப்பிட ஆரம்பித்தார்.

அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஃபரிதா அக்கா தே கலக்க எழுந்துவிடுவார். ஃபரிதா அக்கா கணக்கையும் சந்தாவையும் பார்த்துக்கொண்டவர். அவர் கணவர் இரண்டு கடை தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அக்கா தே கிளாசை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவை முட்டியால் தட்டி, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போவார். "ஆறிடும் சார், இப்பவே குடிச்சிடுங்க." வெளியே வருவார். சற்று நேரம் கழித்து மறுபடியும் பிஸ்கட்டோடு போவார். பிறகு கையெழுத்து வாங்க. பிறகு காலி கிளாசை எடுக்க. "அக்கா, சாருக்கு நீங்க ஊட்டியே விட்டுடலாம்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். எனக்கு நகைச்சுவை உணர்வு போதவில்லையோ என்று வருத்தமாக இருக்கும்.

ஒருநாள் மதியம் அவர் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். கீழே பட்டறையில் யாரோ எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேசினால் மேலே கேட்காது.

"நான் தே கொண்டு போறது தேக்காகன்னு நெனச்சியா?"

எனக்குப் புரியவில்லை.

"நீ தெனமும் உன் குடைய மாட்டுறியே ஒரு ஆணி, அதுல ஒரு பை தொங்குது பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். பூப்போட்ட துணிப்பை. அக்காவுடையது என்றே நினைத்திருந்தேன்.

"என்னோடது இல்ல. சுகந்திக்கு முன்னாடி வரைஞ்ச பொண்ணோடது. ஒரு நாள் பேங்க்குக்குப் போயிட்டு வர்றேன், அந்தப் பொண்ணு இந்தப் படியில எறங்கிப் போவுது. எங்கம்மா போறேன்னு கேக்கறேன். காதுல விழல. பைய எடுக்கல, சப்பாத்துகூடப் போடல. தார் ரோட்டுல வெறுங்கால்ல போவுது."

"சார் என்ன சொன்னாரு?"

"ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லாம் மூடு ஆளுங்க, வருவா போவான்னாரு. அன்னைக்கிலேர்ந்து நான் பேங்க்குக்கு மதியம் போறதில்ல."

மேலே போய் அந்த ஆணியைப் பார்த்தேன். பை அப்படியே இருந்தது. அதன் மேல் என் குடை. அன்று முதல் குடையை நாற்காலிக் காலில் சாய்த்து வைத்தேன்.

தெரிந்த பிறகு எல்லாமே தெரிந்தது. தம்போய் வெயிலில் சுகந்தி தடித்த சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டு வருவது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவள் வரைந்த மல்லிகூட மாறிவிட்டாள். முன்பெல்லாம் எதிரே பார்த்துச் சைக்கிள் மிதித்தவள் இப்போது கட்டத்துக்குக் கட்டம் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் அந்தப் பக்கங்களை எங்கள் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார். "இதான் சஸ்பென்ஸ். எவ்ளோ பயம் தெரியுது பாருங்க அவ கண்ணுல" என்று பாராட்டினார். சுகந்தி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளிடம் கேட்டேன். இருவரும் பேருந்துக்கு நின்றிருந்தபோது. இரண்டு பேருந்தைத் தவறவிட்டோம். பிறகு, "கழுத்துலதான் மொதல்ல கைய வைப்பாரு" என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. அது அவளுடையது.

"வீட்ல சொல்லேன்."

"எங்கப்பா ஒவ்வொரு மாசமும் புக்க லோரியில வச்சிருக்காரு. டாஷ்போர்டு மேல. டோல்ல நிக்கறப்ப பக்கத்து லோரிக்காரங்ககிட்டல்லாம் காட்டறாரு, எம்மக வரைஞ்சதுன்னு. எப்படிச் சொல்லச் சொல்ற?"

அந்த வருடக் கடைசியில் பொந்தியானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். சார் நடுவர். "சுகந்தியும் வரட்டும். மல்லிய வரையற அக்காவப் பிள்ளைங்க பாக்கணும்ல" என்றார். அவர் ஓட்டுகிற காடியில், அவரும் அவளும் மட்டும். ஃபரிதா அக்கா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். வலித்தது.

"சார், நானும் வரட்டுமா? பொந்தியான்ல எங்க அத்தை இருக்காங்க" என்றேன்.

எனக்குப் பொந்தியானில் அத்தை கிடையாது. எங்கேயுமே அத்தை கிடையாது, அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் எல்லாம் தம்பிகள். ஆனால் தொடங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அத்தைக்கு முட்டிவலி, தனியாக இருக்கிறார், என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சார் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"வாயேன்" என்றார்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. சுகந்தியை முன்னிருக்கையில் உட்காரச் சொன்னார். நான் பின்னால். பள்ளியில் பிள்ளைகள் "பட்டாசு மாமா! பட்டாசு மாமா!" என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் குட்டிக்கரணம் அடிக்காத குறை. அத்தனை பிள்ளைகளையும் சிரிக்க வைத்தார். நானும் ஒரு நொடி சிரித்துவிட்டேன். அப்படிப்பட்ட திறமைசாலி.

திரும்பும்போது மழை. பொந்தியான் சமிக்ஞை விளக்கில் காடி நின்றது. நேராகப் போனால் பெக்கான் நானாஸ், ஸ்கூடாய், வீடு. சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அத்தை வீடு எந்தப் பக்கம்? உன்ன எறக்கி விட்டுடறேன்."

ஏதாவது தெருப்பலகை தெரிகிறதா என்று வெளியே தேடினேன்.

"இல்ல சார், பரவால்ல, இன்னொரு நாள்..."

"ஏன்? முட்டிவலின்னு சொன்னியே பாவம். ராத்திரி தங்கிட்டு நாளைக்கி பஸ்ல வா. லீவு குடுக்கறேன்." குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "எங்களுக்கு ஒன்னும் அவசரமில்ல. கடற்கரைப் பக்கம் நண்பரோட பங்களா ஒன்னு இருக்கு, சாவி என்கிட்டதான் இருக்கு. மழ விடற வரைக்கும் ஒக்காந்து அடுத்த இதழப் பத்திப் பேசிட்டு வருவோம். இல்ல சுகந்தி?"

மழைத் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. சிவப்பு விளக்கு மாறவே இல்லை. காடிக்குள் கிராம்பு வாசனை மூச்சை அடைத்தது. எந்தத் தெருவைக் காட்டுவது, காட்டிய தெருவில் இறங்கிவிட்டால் காடி எங்கே போகும், இறங்க மாட்டேன் என்றால் என்ன காரணம் சொல்வது என்று என் தலை சுற்றிக்கொண்டிருந்தது. நானே கட்டிய அத்தை வீட்டுக்குள் நானே மாட்டிக்கொண்டேன்.

அப்போது சுகந்தி பேசினாள். அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நேரா போங்க சார். எங்க வீட்ல நீங்க சாப்பிட வர்றீங்கன்னு சொல்லிட்டேன். அம்மா மீன் கொழம்பு வச்சிட்டு வாசல்ல நிப்பாங்க. அப்பாவும் லீவு போட்டுட்டாரு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. சார் நேராகப் போனார்.

வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை. மீன் குழம்பும் இல்லை. அதுவும் என் அத்தையைப் போலத்தான். சுகந்தியின் அம்மா ஈரத்துணியை அள்ளிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து, பிறகு யார் என்று புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நல்லவேளையாக அப்பா வீட்டில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் மழையில் நனைந்துகொண்டே கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். பட்டாசு மாமா வந்திருக்கிறாராம்.

நான் பெருமூச்சு விட்டேன். இங்கே வந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்தது வேறு. நல்ல நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். வெட்டிய அன்னாசியை உப்புத்தூள் தூவி அவர் முன்னால் வைத்தார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அப்பா நாற்காலியில்கூட உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாது சார். எம்மகளுக்கு ஒரு வழி காட்டிட்டீங்க. அவள உங்க கையில ஒப்படைச்சிட்டோம். உங்க பொண்ணு மாதிரி பாத்துக்குங்க."

"எம் பொண்ணுதான்" என்று சொல்லி, பக்கத்தில் தண்ணீர் வைக்கக் குனிந்த சுகந்தியின் பின்கழுத்தில் சார் கையை வைத்தார். அப்பா அம்மா முன்னாலேயே. வெளியே அத்தனை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. எங்கும் வைக்கலாம், எப்போதும் வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று காட்டுவது போல வைத்தார்.

"கைய எடுங்க" என்றாள் சுகந்தி.

அம்மாதான் முதலில் பதறினார். "என்னடி பேச்சு இது? பெரிய மனுசன் கிட்ட!"

"கைய எடுக்கச் சொல்லும்மா. ஆபிஸ்ல தெனமும் வைக்கிறாரு. கதவ மூடிட்டு வைக்கிறாரு. இப்பக்கூட எங்கயோ பங்களாவுக்குப் போலான்னு கூப்பிட்டாரு. அதான் இங்க கொண்டாந்தேன்."

சார் சிரித்தார். "கலைஞர்களுக்குக் கற்பன ஜாஸ்தி" என்றார். கை இன்னும் அங்கேயே இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "அவ சொல்றது நெஜம்ப்பா. நானும் அதுக்காகத்தான் கூட வந்தேன். எனக்குப் பொந்தியான்ல யாரும் இல்ல" என்றேன். ஏனோ அந்த அத்தையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்பா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது அடித்துவிட்டால்கூட நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நடந்து போய்க் கம்பிக் கதவை அகலத் திறந்து, அதைப் பிடித்தபடியே நின்றார்.

"மழ விட்டுடுச்சு. நீங்க கெளம்புங்க."

மழை விடவில்லை. சார் மெதுவாக எழுந்தார். ஒரு துண்டு அன்னாசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்னிடம், "காடியில ஏறு" என்றார். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றேன். வாசலில் நின்ற பிள்ளைகளின் தலையைத் தடவி, "மல்லி அடுத்த மாசம் வருவா. கண்டிப்பா வருவா, சரியா?" என்றார். பிள்ளைகள் "சரி மாமா!" என்று கத்தினார்கள். போகும் காடிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார்கள். சுகந்தியின் அம்மா திறந்த கதவுக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் முதலாளியைப் பார்க்கப் போனோம். அப்பா, சுகந்தி, ஃபரிதா அக்கா, நான். முதலாளிக்கு வேறு நான்கைந்து தொழில்கள். இந்த இதழ் அவருக்குத் தமிழ்த் தொண்டு. மேடைகளில் அதைச் சொல்லித்தான் மாலை வாங்குவார். எல்லாவற்றையும் கேட்டார், தலையாட்டினார், என் கிட்ட விடுங்க என்றார். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, ஆசிரியரிடம் பேசியாகிவிட்டது, அவர் மனம் வருந்துகிறார், தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால் மன்னிப்பும் கேட்கிறார் என்றார். அவர் இல்லாவிட்டால் இதழ் இல்லை. அதனால் சுகந்தி இனி வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பலாம்.

"தப்பு செஞ்சது யாரு, வீட்டுக்குப் போகச் சொல்றது யார?" என்று கேட்டாள் சுகந்தி.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னொருத்தியும் சொன்னால் நம்புவார்கள் என்று ஃபரிதா அக்கா நினைத்தார். ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய பெண்ணைத் தேடிப் போனோம். அவளுக்குக் கல்யாணமாகி உலு திராமில் இருந்தாள். கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அக்கா பையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பூக்கள் எல்லாம் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தன.

"அது என்னோடது இல்ல" என்றாள். கதவை மூடிவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது தாழ்ப்பாளும்.

மூன்று பேரும் வேலையை விட்டோம். சார் இருந்தார். அடுத்த மாதம் மல்லியும் வந்தாள், அவர் சொன்னபடியே. யாரோ புதிதாக வரைந்திருந்தார்கள். கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது, இளம் கை. ஒரு பெண்ணின் பெயர் சின்னதாகப் போட்டிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஃபரிதா அக்கா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுத் தொலைபேசியை எடுத்து அந்தப் பெண்ணைத்தான் முதலில் பிடித்தார். அப்புறம், சந்தா விஷயமாக இத்தனை வருடம் பேசிப் பழகிய தமிழ்ப்பள்ளி டீச்சர்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "டீச்சர், நான் ஃபரிதா பேசறேன். இனிமே போட்டிக்கு அவரக் கூப்பிடாதீங்க. ஏன்னு கேட்டீங்கன்னா சொல்றேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் ஏன் என்று கேட்கவே இல்லை. "சரிக்கா" என்பார்கள். இன்றைக்கும் நான் நினைத்துப் பார்ப்பது அந்தச் "சரிக்கா"வைத்தான். எத்தனை பேருக்கு முன்பே தெரிந்திருந்தது?

அந்தப் புதுப்பெண் சீக்கிரமே நின்றுவிட்டாள். பள்ளிகள் ஒவ்வொன்றாக இதழை நிறுத்தின. பிள்ளைகள் இப்போதெல்லாம் படிப்பதில்லை என்று மேடையில் வருத்தப்பட்டு முதலாளி இதழை மூடினார். சாருக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பினார்கள். வடக்கே ஏதோ ஊரில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அக்கா அங்கேயும் யாரையோ விசாரித்துத் தொலைபேசி செய்தார். அதற்கப்புறம் வேறு ஊர் என்றார்கள். பிறகு தகவலே இல்லை. இப்போது ஃபரிதா அக்காவும் இல்லை. அவர் மறைந்த பிறகு அந்த மனிதர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க யாரும் இல்லை. சில சமயம் தமிழ் நிகழ்ச்சிகளில் கூட்டத்துக்குள் முதுகு காட்டி நிற்கும் வயதானவர்களைப் பார்த்தால் நான் சுற்றிக்கொண்டு போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

தம்போய் கடைவீட்டை இடித்து வாகனம் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். இதழ் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மூலப் படங்கள் எல்லாம் அவர் அறையில் இருந்தன. அவை எங்கே போயின என்று தெரியாது. சுகந்தியின் அப்பா லோரியில் வைத்திருந்த இதழ்களை, சார் வந்துபோன அன்று இரவே, கொல்லையில் போட்டு எரித்துவிட்டாராம். மகளுக்காகத்தான் எரித்தார். அவளைக் கேட்கவில்லை.

சுகந்தி அன்றாடம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இப்போது மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே இருக்கும் பெண்களை எந்த மேலாளரும் தனியாகக் கூப்பிட முடியாதாம். அவளும் கூடவே போய் நிற்பாளாம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் மூவரும் பெர்மாஸ் ஜெயா உணவுக்கடையில் சந்தித்தோம். நான்தான் வாய் சும்மா இருக்காமல் உளறிவிட்டேன். உங்கம்மா வரைந்த மல்லிக்காக இந்த மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாம் காத்துக் கிடந்தார்கள் என்று.

மகள் நம்பவில்லை. "அம்மாவா? சும்மா சொல்லாதீங்க ஆன்ட்டி. இவங்க எனக்கு ஒரு பூனகூட வரைஞ்சு குடுத்ததில்ல." பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசைமேல் இருந்த காகித உறையைத் திருப்பி அம்மா பக்கம் நகர்த்தினாள். "வரைங்க. அந்த மல்லிய எனக்குக் காட்டுங்க."

மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். சுகந்தி பேனாவை வாங்கினாள். ஒரு வட்டம் போட்டாள், கோணாமல், ஒரே இழுப்பில். இரண்டு பின்னல் போட்டாள். சைக்கிளின் கைப்பிடியைப் போட்டாள். மகளின் வாய் திறந்தது. பிறகு பேனா முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது. பக்கத்து மேசையில் ஆட்கள் எழுந்து போனார்கள், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"அவ மூஞ்சி மறந்து போச்சு" என்றாள் சுகந்தி. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு ஞாபகம் இருக்கா? கண்ணு எப்படி இருக்கும்?"

மாதாமாதம் அந்த முகத்துக்கு மேலேதான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.